குதிகாலின் உரிமை



நம் உடலில் நாம் மிகக் குறைவாகப் பார்க்கும் இடம் எது என்று கேட்டால் குதிகால் என்றே சொல்ல வேண்டும். முகத்தைக் கண்ணாடி காட்டிவிடுகிறது. கைகள் எப்போதும் கண்ணெதிரே இருக்கின்றன. குதிகாலோ நம் முழு எடையையும் சுமந்துகொண்டு ஓசையின்றி நமக்குப் பின்னாலேயே வருகிறது. அது வறண்டு, வரிவரியாகக் கீறி, அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் முள் தைத்தாற்போல் வலிக்கத் தொடங்கிய பிறகே அதன் நினைவு நமக்கு வருகிறது. பித்தவெடிப்பு என்று நம் வீடுகளில் வழங்கும் இந்தத் தொல்லையை அறியாத குடும்பம் அரிது. அடுப்படியில் மணிக்கணக்கில் நிற்கும் தாய்மார்களுக்கும், கடைகளில் நாள் முழுதும் நின்று வேலை செய்யும் சகோதரர்களுக்கும், வயது முதிர்ந்தோருக்கும் இது நெருங்கிய உறவினர் போலவே ஆகிவிடுகிறது.

ஆயினும் ஒரு முஸ்லிமுக்குக் குதிகால் மறந்துவிடத்தக்க உறுப்பு அன்று. அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஒன்று புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஒரு பயணத்தில் அஸர் தொழுகையின் நேரம் நெருக்கிவிட்டபடியால் தோழர்கள் அவசரமாக உளூச் செய்துகொண்டிருந்தார்கள். கால்களை முழுமையாகக் கழுவாமல் தடவினாற்போல் முடித்துக்கொண்டார்கள். பின்னால் வந்து சேர்ந்த நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, நனையாமல் விடப்படும் குதிகால்களுக்கு நெருப்பின் கேடு உண்டு என்ற கருத்தில் உரத்த குரலில் இருமுறையோ மும்முறையோ எச்சரித்தார்கள். திருக்குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் 6ஆம் வசனம் உளூவின் கடமைகளைக் கூறும்போது கால்களைக் கணுக்கால் வரை கழுவச் சொல்கிறது. குதிகால் அந்த எல்லைக்குள் அடங்கியது.

இதே அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள்தாம் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாகத் தம் உடலை வருத்திக்கொண்டவர். அவரை அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் குடும்பத்தாருக்கும் அவர் மீது உரிமை இருக்கிறது என்று நபியவர்கள் நினைவூட்டியதும் புகாரியில் உள்ள செய்தியே. ஒரே நபித்தோழர் வழியாக நமக்கு வந்திருக்கும் இவ்விரு அறிவுரைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று விளங்குகிறது. குதிகாலை நனைப்பது அல்லாஹ்வுக்கு நாம் செலுத்தும் கடமை. அதை நோயின்றிப் பேணுவது அந்த உறுப்புக்கு நாம் செலுத்தும் கடமை. ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை. இதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரை.

உம்மாவின் கேள்வி

என் உம்மாவுக்கு அறுபது வயதைக் கடந்தபின் பித்தவெடிப்பு முற்றியது. ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் எங்களுடையது. உவர்நீர்க் கிணறு, சிமெண்டுத் தரை, வீட்டுக்குள் எப்போதும் வெறுங்கால். சர்க்கரை நோயும் பன்னிரண்டு ஆண்டுகளாக அவருடன் இருந்தது. நாங்கள் வாங்கிக் கொடுத்த களிம்புகள் உறை பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடந்தன. காரணம் கேட்டபோது அவர் சொன்ன மறுமொழி இன்றும் என் நினைவில் இருக்கிறது.

"மருந்தப் பூசிக்கிட்டு உளூச் செஞ்சா தோல்ல தண்ணி படுமாம்மா? படலேண்டா தொழுகை கூடாதே. வலி எனக்குப் பழகிப்போச்சு. தொழுகைக்கு என்னா பதில் சொல்றது?"

இக்கேள்வியை எளிதாகக் கடந்துவிட முடியாது. மருத்துவக் குறிப்புகள் எழுதுவோர், இரவு பகல் பாராமல் எண்ணெயும் மெழுகும் பூசிக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு ஐந்து வேளை, வேளைக்கு மும்முறை கால் கழுவும் பெண்மணியை அவர்கள் எண்ணிப் பார்த்து எழுதுவதில்லை. ஆகவே பேணுதல் மிக்க நம் தாய்மார்கள் பலர், தொழுகையைக் காப்பாற்ற மருந்தை ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள்.

ஒரு நாள் சுப்ஹுத் தொழுகைக்குப் பின் உம்மாவின் முஸல்லாவை மடிக்கும்போது, கால் ஊன்றிய இடத்தில் இரத்தக் கறை தெரிந்தது. "எப்ப அடிபட்டுச்சும்மா?" என்று கேட்டேன். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. வெடிப்பு ஆழமாகப் பிளந்து இரத்தம் கசிந்ததை அவர் உணரவேயில்லை. மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் உம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டார். சில இடங்களில் தொட்டது உம்மாவுக்குத் தெரியவில்லை. வலி பழகிவிட்டது என்று அவர் எண்ணியிருந்தார். உண்மையில் உணர்வுதான் மங்கிக்கொண்டிருந்தது. நீண்ட நாள் சர்க்கரை நோய் கால் நரம்புகளை இவ்வாறு மரத்துப்போகச் செய்கிறது. அந்நிலையில் ஒரு சிறு வெடிப்பு வழியே கிருமி புகுந்து, ஆறாப் புண்ணாகி, விரலையோ காலையோ இழக்கும் நிலைக்கும் கொண்டுசென்றுவிடக்கூடும்.

மருந்து கட்டாயம் என்றாகிவிட்டது. கேள்வியோ அப்படியே நின்றது. அதை எங்கள் ஊர் ஆலிம்சாவிடமே கொண்டுசென்றோம்.

தண்ணீரும் மருந்தும்

ஷாஃபி மத்ஹபின்படி அவர் விளக்கியதன் சாரம் இது. உளூவில் கழுவ வேண்டிய உறுப்பின் மீது தண்ணீர் பட்டு ஓட வேண்டும். மெழுகு, கொழுப்பு, மருதாணி விழுது போன்றவை திட்டாகப் படிந்து தண்ணீரைத் தடுக்குமானால் அவற்றை நீக்கிவிட்டே கழுவ வேண்டும். மருதாணியின் சிவப்பும் மஞ்சளின் நிறமும் வெறும் நிறமே. அவை தண்ணீரைத் தடுப்பதில்லை. திரவ எண்ணெய் தடவிய தோலில் தண்ணீர் ஒட்டி நிற்காமல் வழிந்தோடினாலும், அது தோலைத் தொட்டு ஓடிவிட்டால் போதுமானது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது அல்மஜ்மூஃ நூலில் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். வெடிப்பில் வெளியே தெரியும் பகுதிக்குத் தண்ணீர் சேர வேண்டும்; தசைக்குள் ஆழ்ந்துவிட்ட மருந்தைத் தோண்டியெடுக்க வேண்டியதில்லை.

ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் குடும்பங்களுக்கு அம்மத்ஹபின் அறிஞர்கள் படிப்படியான சலுகையைச் சொல்கிறார்கள். வெடிப்பில் வைத்த மருந்தை நீக்கிக் கழுவுவது தீங்கு தருமானால், மருந்தின் மேலேயே தண்ணீரை ஓட விடலாம். அதுவும் தீங்கானால் ஈரக்கையால் தடவிக்கொள்ளலாம். அதற்கும் வழியில்லையென்றால் அவ்விடத்தை விட்டுவிடலாம். புண் பெரிதாகி, தண்ணீரே படக்கூடாது என்று மருத்துவர் தடுத்திருந்தால் இரு மத்ஹபுகளிலும் அதற்கெனச் சட்டங்கள் உள்ளன. அந்நிலையில் தாமாக முடிவெடுக்காமல், மருத்துவர் சொன்னதை அப்படியே ஆலிமிடம் சொல்லிக் கேட்பதே முறை.

இறுதியில் ஆலிம்சா சொன்ன சொல் உம்மாவின் மனத்தைத் திறந்தது. "இஷாத் தொழுதுட்டுப் பூசுங்க தாயே. எந்திரிச்சதும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு உளூச் செய்ங்க. மருந்துக்கு ராத்திரி இருக்கு, தொழுகைக்குத் தண்ணி இருக்கு. ரெண்டுக்கும் சண்டை இல்ல."

வெடிப்பது ஏன்?

பெயரில் பித்தம் இருந்தாலும் வெடிப்புக்கு முதற்காரணம் வறட்சியும் அழுத்தமும்தாம். நம் உடலின் பிற பகுதிகளில் தோலுக்கு அடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் இயல்பாகவே மெழுக்கைத் தருகின்றன. உள்ளங்காலில் அந்தச் சுரப்பிகள் இல்லை. வியர்வைச் சுரப்பிகள் மட்டுமே உண்டு. குதிகாலின் தோல் தடிப்பானது. அதன் அடியில் மெத்தைபோல் ஒரு கொழுப்புத் திண்டு இருக்கிறது. நாம் காலை ஊன்றும்போது அந்தத் திண்டு பக்கவாட்டில் விரிகிறது. தோல் மென்மையாக இருந்தால் அதனுடன் சேர்ந்து விரிந்து சுருங்கும். வறண்டு தடித்திருந்தால் காய்ந்த வயல்போல் ஓரங்களில் பிளக்கும்.

வெறுங்காலுடன் கடினத் தரையில் நடப்பதும், குதிகால் பக்கம் திறந்த செருப்பும், நெடுநேரம் நிற்பதும், உடற்பருமனும், மிகச் சூடான நீரும், காரம் மிக்க சோப்பும் இதை வளர்க்கின்றன. சர்க்கரை நோய், தைராய்டுக் குறைபாடு, சோரியாசிஸ், பூஞ்சைத் தொற்று ஆகியவையும் காரணமாகலாம்.

அடிக்கடி நனைந்து காய்வதாலும் தோல் வறளும். தண்ணீர் ஆவியாகும்போது தோலின் ஈரப்பதத்தையும் உடன் கொண்டுபோகிறது. இதற்காக உளூவைக் குறைக்க வேண்டியதில்லை. உளூச் செய்தபின் உறுப்புகளைத் துடைக்காமல் விடுவது சிறப்பு என்று ஷாஃபி அறிஞர்கள் கூறினாலும், தேவையுள்ளவர் துடைத்துக்கொள்வதில் குற்றமில்லை. வெடிப்புள்ளவர் கால்களை மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, விரல் இடுக்குகளையும் உலர்த்தி, குதிகாலில் மட்டும் இரண்டொரு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டால் போதும். அடுத்த உளூவுக்கும் அது தடையாகாது.

இரவு வைத்தியம்

இனி வீட்டிலேயே செய்யக்கூடியவற்றைப் பார்ப்போம். இவை கால் உணர்வு நன்றாக உள்ளவர்களுக்கும், வெடிப்பில் இரத்தமோ சீழோ இல்லாதவர்களுக்கும் உரியவை. சர்க்கரை நோயாளிகளுக்கான குறிப்பைப் பின்னர் தனியே சொல்கிறேன்.

இஷாவுக்குப் பின், கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் கால்களைப் பத்து நிமிடம் வைத்திருக்கவும். அரை மணி, ஒரு மணி என்று ஊறவைத்தால் நேர்மாறாகத் தோல் மேலும் வறளும். பின்னர் பீர்க்கங்காய் நாராலோ பாதம் தேய்க்கும் கல்லாலோ தடித்த தோலை மென்மையாகத் தேய்க்கவும். வாரத்தில் இரண்டு மூன்று முறை போதும். ஒரே நாளில் பளபளப்பாக்க முயலக்கூடாது. குளிக்கும்போது துவைகல்லில் குதிகாலை உரசும் பழக்கம் நம் பெண்களிடம் உண்டு; சொரசொரப்பான அந்தக் கல் நல்ல தோலையும் கிழித்துவிடும்.

துடைத்த ஈரம் முழுவதும் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். இந்த முறையின் உயிர்நாடி இதுவே. எண்ணெய் தோலுக்குள் தண்ணீரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியேறவிடாமல் காக்கிறது. காய்ந்துபோன தோலில் பூசினால் பலன் பாதிதான். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் ஆகிய மூன்றுமே ஏற்றவை. விளக்கெண்ணெய் பிசுபிசுப்பு மிக்கதாகையால் ஆழ்ந்த வறட்சிக்கு நன்கு உதவும். இத்துடன் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் குழைத்துப் பூசுவது நம் பாட்டிமார் வழக்கம். துணியில் கறை படியும் என்பதைத் தவிர அதில் சிக்கல் இல்லை.

கிளிசரின் ஒரு பங்கும் பன்னீர் இரண்டு பங்கும் கலந்து வைத்துக்கொள்ளலாம். கிளிசரின் ஈரத்தை ஈர்த்துத் தோலில் நிறுத்தும் இயல்புடையது. இதைத் தடவி அதன்மேல் மெல்லியதாக எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ பூசினால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்.

மெழுகுக் களிம்பு வேண்டுவோர், நான்கு பங்கு தேங்காயெண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகு சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த மற்றொரு பாத்திரத்தில் உருக்கி ஆறவிடவும். நன்றாக ஆறி உறைந்தபின்னரே பூச வேண்டும். உருகிய மெழுகைச் சூட்டோடு வெடிப்பில் ஊற்றுவதும், கொதிக்கும் எண்ணெயைச் சொட்டுவதும் தீக்காயத்தை விலைகொடுத்து வாங்குவதாகும். இக்களிம்பு தண்ணீரைத் தடுக்கும். ஆதலால் இதை இரவுக்கு மட்டுமே வைத்துக்கொண்டு, எழுந்ததும் வெதுவெதுப்பான நீரிலும் சோப்பிலும் கழுவி நீக்கிவிட்டு உளூச் செய்ய வேண்டும். பெட்ரோலியம் ஜெல்லிக்கும் இதே ஒழுங்குதான்.

மருதாணி நமக்கு இன்னும் நெருக்கமானது. கால் வலி என்று முறையிட்டவர்களுக்கு மருதாணி இடுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறுவதுண்டு என்று அவர்களின் பணிப்பெண் ஸல்மா (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூதில் உள்ளது. மருதாணி இலையை அரைத்துக் குதிகாலில் பற்றுப் போட்டு, காய்ந்ததும் கழுவி எண்ணெய் தடவலாம். விழுது காயும்போது தோலை இறுக்கும் என்பதால் எண்ணெய் அவசியம். கடையில் விற்கும் கருமருதாணிக் கூம்புகளில் இரசாயனச் சாயம் கலந்திருக்கலாம். அவற்றை வெடித்த தோலில் இடக்கூடாது. அலங்காரத்துக்காகக் கைகால்களில் மருதாணி இடுவதை ஆண்களுக்கு அறிஞர்கள் தடுத்துள்ளனர். மருந்துக்காக இடுவது வேறு.

எதைப் பூசினாலும், மேலே பருத்திக் காலுறை அணிந்து உறங்கவும். எண்ணெய்க் காலோடு வழவழப்பான டைல்ஸ் தரையில் நடக்க வேண்டாம். குதிகாலுக்குப் பார்த்த வைத்தியம் இடுப்பெலும்பு முறிவில் முடிந்துவிடக்கூடாது. தஹஜ்ஜுதுக்கு எழும் முதியவர்கள் கட்டிலருகே செருப்பு வைத்துக்கொள்ளட்டும்.

வீட்டு மருந்தில் நாட்டமில்லாதவர்கள் மருந்துக் கடையில் கிடைக்கும் யூரியா கலந்த களிம்பைப் பயன்படுத்தலாம். வயலுக்கு இடும் உரத்தை நினைத்து அஞ்ச வேண்டாம். யூரியா நம் தோலிலேயே இயல்பாக உள்ள பொருள். அது ஈரத்தைப் பிடித்துவைப்பதோடு தடித்த தோலையும் இளக்கும்.

செய்யக்கூடாதவை

எலுமிச்சைச் சாறு, வினிகர், சமையல் சோடா ஆகியவற்றைத் திறந்த வெடிப்பில் பூசக்கூடாது. எரிச்சலோடு தோலின் இயற்கைக் காப்பும் போய்விடும். விளக்கெண்ணெயில் சுண்ணாம்பு குழைத்துப் பூசும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. சுண்ணாம்பு தோலை அரிக்கும் தன்மையது. பிளேடால் தோலைச் சீவுவதை முற்றிலும் விட்டுவிட வேண்டும். தோலுரியும் இடத்தைக் கையால் பிய்ப்பதும் அப்படியே.

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமில்லையானால் மருத்துவரைப் பார்க்கவும். ஒரு காலில் மட்டும் மாவு போல் செதில் உதிர்வதும், விரலிடுக்கில் அரிப்பும் சேற்றுப்புண்ணும் இருப்பதும் பூஞ்சைத் தொற்றின் அடையாளமாக இருக்கலாம். எண்ணெயால் அது தீராது. சிவந்து வீங்குவது, சீழ், துர்நாற்றம், தோல் கறுப்பது, காய்ச்சல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் கால்களை ஊறவைக்கவும் வேண்டாம். கல்லால் தேய்க்கவும் வேண்டாம். உணர்வு மங்கிய காலுக்குச் சூடு தெரியாது. உளூவுக்கு வெந்நீர் கலந்தால் முதலில் முழங்கையால் தொட்டுப் பார்க்கவும், அல்லது வீட்டில் வேறொருவர் பார்த்துக் கொடுக்கட்டும். களிம்பைக் குதிகாலிலும் பாதத்திலும் பூசலாம், விரலிடுக்கில் பூசக்கூடாது. அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்குள்ளும் செருப்பணிய வேண்டும். பள்ளிவாசலிலிருந்து வெளியே வரும்போது செருப்பைக் காணோமென்று வெறுங்காலுடன் வெயிலில் நடந்துவிடக்கூடாது.

உம்மாவுக்கும் இந்த ஒழுங்கையே மருத்துவர் வகுத்துக் கொடுத்தார். புண்ணுக்கு அவர் தந்த மருந்தும், இரவில் யூரியாக் களிம்பும், வீட்டுச் செருப்பும் சேர்ந்து, ஆறு வாரத்தில் வெடிப்பு மூடியது. அல்ஹம்துலில்லாஹ். மங்கிய உணர்வு திரும்பவில்லை. அதனால் அவரது கால்களைப் பார்க்கும் பொறுப்பு வீட்டிலுள்ள அனைவருக்கும் ஆனது.

உளூவே ஒரு பரிசோதனை

சர்க்கரை நோயாளிகள் தினமும் தம் கால்களைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுப் பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். பலருக்கு இது நினைவிருப்பதில்லை. நமக்கோ ஒரு நாளைக்கு ஐந்து முறை கால்களைக் கையால் தேய்த்துக் கழுவும் வழக்கம் கடமையாகவே வந்திருக்கிறது. விரல்களுக்கிடையே கோதிக் கழுவுவது சுன்னத்து. குதிகாலை விட்டுவிடாதீர்கள் என்று நபியவர்களே குரலெழுப்பிச் சொல்லியிருக்கிறார்கள். குழாயடியில் காலை நீட்டிவிட்டு அவசரமாக நகராமல், இடக்கையால் குதிகாலை முழுதும் தடவிக் கழுவினால் புதிதாகத் தோன்றிய பிளவும், வீக்கமும், ஒட்டியிருக்கும் சிறு கல்லும் கைக்குத் தட்டுப்படும். குனிய இயலாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் ஒரு வேளையாவது காலைக் கழுவிவிடட்டும். உளூவும் நிறைவேறும், பரிசோதனையும் நடந்துவிடும், பெற்றோருக்குச் செய்யும் பணிவிடையும் ஆகும்.

குளிர்காலத்தில் வெடிப்பினால் துன்புறுவோர் தோலாலான காலுறைகளான குஃப்புகளின் சலுகையை மறந்துவிட வேண்டாம். கால்களைக் கழுவி முழுமையாக உளூச் செய்தபின் அவற்றை அணிந்துகொண்டால், உள்ளூரில் இருப்பவர் ஒரு பகலும் இரவும், பயணி மூன்று பகலும் மூன்று இரவும், அடுத்தடுத்த உளூக்களில் கால் கழுவாமல் அவற்றின் மேல் ஈரக்கையால் மஸ்ஹுச் செய்யலாம். அதற்குரிய நிபந்தனைகளை அறிந்து செயல்பட வேண்டும்.

ஹஜ், உம்ரா செல்வோர் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே குதிகாலைச் சரிசெய்துகொள்வது அறிவுடைமை. வறண்ட காற்று, தவாஃபில் வெறுங்கால் நடை, ஸஃபா மர்வாவுக்கிடையே ஏழு முறையுமாகச் சேர்த்து மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஸஃயு ஆகியவை சிறு கீறலையும் பெரும்பிளவாக்கிவிடும். இஹ்ராமில் நறுமணம் கூடாது என்பதால் மணமற்ற களிம்பை எடுத்துச் செல்லவும். ஹனஃபி மத்ஹபில் இஹ்ராமின்போது எண்ணெய் பூசுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் கால் வெடிப்புக்கு மருந்தாக அதைப் பூசியவர் மீது பரிகாரமில்லை என்று ஹிதாயா நூல் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. நூற்றாண்டுகளுக்கு முன் சட்டநூல் எழுதிய அறிஞர்கள்கூட ஹாஜிகளின் குதிகாலை மறக்கவில்லை.

வெடித்த பாதங்கள்

ஒரு பாதம் வெடித்திருப்பது இழிவன்று. நபி (ஸல்) அவர்கள் இரவில் நெடுநேரம் நின்று தொழுததால் அவர்களின் பாதங்கள் வெடித்துவிடும் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பாவங்கள் மன்னிக்கப்பட்டிருந்தும் ஏன் இவ்வளவு சிரமம் என்று அவர்கள் கேட்டபோது, நன்றியுள்ள அடியானாக இருக்க வேண்டாமா என்று பொருள்படவே நபியவர்கள் மறுமொழி கூறினார்கள். தாத்துர் ரிகாஉ போர்ப் பயணத்தில் ஆறு பேருக்கு ஓர் ஒட்டகமே இருந்ததால் முறைவைத்து ஏறிச் சென்றதையும், நடந்து நடந்து பாதங்கள் தேய்ந்து நகங்கள் விழுந்ததையும், கிழிந்த துணிகளைக் கால்களில் சுற்றிக்கொண்டதையும் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள். அப்பயணத்துக்குத் துணிக்கிழிசல்களால் அப்பெயர் வந்தது. இதைச் சொல்லிவிட்டு, தாம் செய்த நற்செயலை வெளிப்படுத்திவிட்டோமே என்று அவர்கள் வருந்தினார்களாம்.

அந்தப் பாதங்களை எண்ணும்போது நம் உள்ளம் பணிகிறது. எனினும் அத்தோழர்கள் வெடித்த கால்களுக்குத் துணி சுற்றிக்கொண்டார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். துன்பம் வந்தபோது பொறுத்துக்கொண்டார்கள். கையில் கிடைத்ததைக் கொண்டு காலைக் காத்தும் கொண்டார்கள். நாள் முழுதும் நமக்காக நின்று உழைக்கும் தாய்மார்கள் தம் கால் வலியை யாரிடமும் சொல்வதில்லை. அவர்கள் சொல்லும்வரை காத்திராமல், இன்று இஷாவுக்குப் பின் ஒரு கிண்ணத்தில் சிறிது எண்ணெய் எடுத்துக்கொண்டு அவர்களின் காலடியில் அமருங்கள்.

நிற்பதற்கு நமக்குக் கால்களைத் தந்த இறைவன், அவற்றை இறுதிவரை அவன் முன் நிற்கும் வலிமையோடு வைத்திருப்பானாக. ஸிராத் பாலத்தின் மீது அவற்றை உறுதிப்படுத்துவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.